விதையில்லாத் திராட்சைக்கு நோய் தாங்கும் உடம்பு: நான்கு வழிகளில் எது?

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு விதமான திராட்சைத் தோட்டங்கள் உண்டு. சுருளிப்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் பன்னீர் திராட்சை; 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய கறுப்புப் பழம். ஓடைப்பட்டி பக்கம் விதையில்லாத் திராட்சை. இரண்டு தோட்டக்காரர்களும் ஒன்றுபோலப் பயப்படுவது மழையோடு வரும் அடிச்சாம்பல் நோய்க்குத்தான். செவட்டை என்று ஊரில் சொல்வார்கள். இலையின் மேற்புறம் எண்ணெய் தெறித்தது போல வெளிர்மஞ்சள் வட்டம் விழும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். இலையோடு நின்றால் சமாளிக்கலாம். பூக்கிற சமயத்தில் கொத்தில் ஏறிவிட்டால் அந்தப் போகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

கவாத்து செய்யும் நாளை மழைக்கு ஒதுங்கி வைத்துக்கொள்வது ஓரளவு உதவும். தென்மேற்குச் சாரலும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் எட்டிப் பார்க்கிற பள்ளத்தாக்கில் ஒதுங்க இடம் அதிகம் இல்லை. மிச்சம் இருப்பது மருந்து. காலையில் அடித்ததை மாலை மழை கழுவிவிட்டுப் போனால் மறுபடி அடிக்க வேண்டும்; அடித்தால் கூலி, அடிக்காவிட்டால் மகசூல். ஏற்றுமதி செய்பவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2010-இல் குளோர்மெக்வாட் என்னும் வளர்ச்சிக் கட்டுப்படுத்தியின் எச்சத்தைக் காட்டி ஐரோப்பா இந்தியத் திராட்சையை நிறுத்தி வைத்ததை மகாராஷ்டிர விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிடச் செடியை மாற்றுவது மேல் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. எந்த வழியில் மாற்றுவது என்பதில்தான் சண்டை. இது அவசரத்தில் எடுக்கக்கூடிய முடிவும் அல்ல. பிரான்சின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் நோய் தாங்கும் ஒயின் திராட்சைக்காக 2000-இல் தொடங்கிய திட்டத்தின் முதல் ரகங்கள் 2018-இல்தான் வெளிவந்தன. தவறான வழியில் இறங்கினால் ஒரு தலைமுறை விவசாயிகளின் காலம் போய்விடும். தமிழகத்திலோ மகாராஷ்டிரத்திலோ ஓர் அரசு ஆராய்ச்சி நிலையம் நாளைக்குத் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

வழிகளுக்குப் போகும் முன் இரண்டு இடைஞ்சல்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, நாம் சாப்பிடுகிற திராட்சை இனத்துக்கு இந்த நோய்களோடு பழக்கமே கிடையாது. அடிச்சாம்பல், சாம்பல் நோய் என்ற இரண்டும் வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. சாம்பல் நோய் 1845-இல் இங்கிலாந்தில் கண்ணில் பட்டது. அடிச்சாம்பல் 1878-இல் பிரான்சில் இறங்கியது. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் பல்லாயிரம் ஆண்டுகள் இவற்றோடு மல்லுக்கட்டி எதிர்ப்பை வளர்த்துக்கொண்டவை. நமது இனத்துக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. எனவே எதிர்ப்புச் சக்தியைக் காட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் கூடவே சின்ன மணி, பிதுக்கினால் கழன்றுவிடும் தடித்த தோல், சிலருக்குப் பிடிக்காத ஒரு நெடி எல்லாம் சேர்ந்து வரும். அமெரிக்க ரத்தம் இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பெங்களூர் ப்ளூ அந்த ரத்தம் ஓடும் ரகம்தான். கொத்தில் கரும்புள்ளி விழவைக்கும் பறவைக்கண் நோயைத் தாங்கிக்கொள்கிறது, அடிச்சாம்பலிடம் மட்டும் சுலபமாகத் தோற்றுப்போகிறது.

இரண்டாவது, விதையில்லாத் திராட்சைக்கு உண்மையில் விதை உண்டு. தாம்சன் சீட்லெஸ் பழத்தைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் எள்ளைவிடச் சிறிதாக வெண்மையும் பழுப்புமாய் ஒரு துணுக்கு இருக்கும். நகத்தால் அழுத்தினால் நசுங்கிவிடும். மகரந்தம் சேர்ந்து கருவும் உருவான பிறகு, விதையின் ஓடு கெட்டிப்படாமல் பாதி வழியில் நின்றுபோனதன் மிச்சம் அது. உண்பவருக்கு வசதி. ரகம் உருவாக்குபவருக்கோ இந்தச் செடியைத் தாயாக வைத்து எடுத்த விதையை மண்ணில் போட்டால் முளைக்காது. மகரந்தம் தரும் தந்தையாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். நான்கு வழிகளும் இந்த ஒரு முட்டுக்கட்டையைச் சுற்றித்தான் பிரிகின்றன.

ஆயத்த ரகத்தை வாங்கிவருவது

சந்தையில் பெயர் வாங்கிய புதிய விதையில்லா ரகங்களில் பெரும்பாலானவை கலிஃபோர்னியாவில் பிறந்தவை. உரிமத் தொகை கட்டி நாசிக் பக்கம் வெளிநாட்டு ரகங்களை நடத் தொடங்கியும்விட்டார்கள். பழம் பெரிது, கடித்தால் மொறுமொறுப்பு, பெட்டியில் நாள்பட நிற்கும், மறுக்க முடியாது. ஆனால் கலிஃபோர்னியாவின் கோடையில் மழை என்பதே அபூர்வம். அங்கே முதல் எதிரி சாம்பல் நோய்தான். அடிச்சாம்பலைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த ரகங்களை அடிச்சாம்பலை நினைத்து யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அவற்றைக் கொண்டுவந்து பருவமழையில் நிறுத்தினால் தாம்சனுக்கு அடித்த அதே மருந்தை, அதைவிட விலை உயர்ந்த செடிக்கு அடித்துக்கொண்டிருப்போம்.

பிரேசில் கதை வேறு. அந்நாட்டின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா, 2012-இல் பிஆர்எஸ் விட்டோரியா என்ற கறுப்பு விதையில்லா ரகத்தையும், அடுத்த ஆண்டு பிஆர்எஸ் ஈசிஸ் என்ற சிவப்பு ரகத்தையும் வெளியிட்டது. இரண்டுமே அடிச்சாம்பலைத் தாங்குபவை. விட்டோரியாவின் வம்சாவளியில் நயாகரா, வீனஸ் போன்ற அமெரிக்கக் கலப்புகளும் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஒரு வரிசையும் இருக்கின்றன. அதன் பழத்தில் ராஸ்பெர்ரி சாயலில் ஒரு வாசம் உண்டு. பிரேசிலில் திராட்சை ஏராளமாக விளையும் பெட்ரோலினாவும் நமது கம்பமும் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்குள் இருக்கின்றன. இரண்டு இடத்திலும் குளிர்காலம் கிடையாது, கொடி தூங்குவதில்லை, எப்போது கவாத்து செய்கிறோமோ அப்போது காய்க்கும். கலிஃபோர்னியாவைவிட இது நமக்கு நெருங்கிய சொந்தம். ஆனாலும் பெட்ரோலினா வறண்ட பூமி. நமது ஐப்பசி மழையில் அந்த ரகம் எப்படி நிற்கும் என்பதை இங்கே நட்டுத்தான் பார்க்க வேண்டும்.

விட்டோரியாவின் மணி சிறியது என்பதையும் கறுப்பு என்பதையும் குறையாகச் சொல்வார்கள். வெள்ளைத் திராட்சை ஏற்றுமதி செய்பவருக்கு அது குறைதான். மதுரை, திண்டுக்கல் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு அப்படித் தோன்றவில்லை. விதையோடும் தோலோடும் பன்னீர் திராட்சையை விரும்பி வாங்குகிற ஊரில், விதையில்லாத வாசமுள்ள கறுப்புப் பழத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். எந்தச் சந்தைக்கு என்று முடிவு செய்யாமல் நல்ல ரகம், கெட்ட ரகம் என்று பேசுவதில் பயனில்லை.

விதையுள்ள தாய், விதையில்லாத் தந்தை

பழைய வழி இது. நோய் தாங்கும் விதையுள்ள செடியைத் தாயாக வைத்து, பூவின் தொப்பியையும் மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, தாம்சனின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். விதை முளைக்கும், ஆய்வகம் வேண்டாம், செலவு குறைவு. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா நீலமணி இப்படிப் பிறந்ததுதான். பிளாக் சம்பா தாய், தாம்சன் சீட்லெஸ் தந்தை. பறவைக்கண் நோயைத் தாங்கும் கறுப்பு விதையில்லாப் பழம். டெல்லியின் பூசா ஊர்வசியும் இதே முறைதான். அமெரிக்காவில் 1952-இல் வெளியான ஹிம்ராடும் அப்படியே.

சிக்கல் எண்ணிக்கையில். பிள்ளைகளில் பத்தில் ஒன்றிரண்டுதான் உருப்படியாக விதையில்லாமல் தேறும். விதையில்லாத் தன்மைக்கு முதன்மையான மரபணு ஒன்று இருந்தாலும், அது முழுதாக வேலை செய்யப் பக்கத்துணையாக வேறு சில மரபணுக்களும் வேண்டும். விதையுள்ள தாயிடம் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த ஒன்றிரண்டிலும் நோய் தாங்குவது பாதி, அதில் மணி பெரிதாக இருப்பது இன்னும் கொஞ்சம் என்று வடிகட்டிக்கொண்டே போனால் கையில் எதுவும் மிஞ்சாது. புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் கடாபா என்ற அமெரிக்க ரகத்தையும் பியூட்டி சீட்லெஸ்ஸையும் கலந்து உருவாக்கிய ஏஆர்ஐ-516, பூசண நோய்களைத் தாங்குகிறது; நல்ல மகசூலும் தருகிறது. பெற்றோரில் ஒன்று விதையில்லாதது. ஆனாலும் அது பெயர் வாங்கியது சாறுக்குத்தான். முதல் கலப்பில் நோய் எதிர்ப்பு கிடைத்துவிடும். தட்டில் வைக்கிற பழம் கிடைப்பது அரிது.

ஆகவே இந்த வழியைக் கழித்துக்கட்ட வேண்டாம். முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். காட்டுத் திராட்சையின் எதிர்ப்பை வீட்டுக்குள் கொண்டுவர இதைவிட மலிவான கதவு இல்லை.

விதையில்லாததோடு விதையில்லாதது

1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் அமெரிக்க வேளாண் துறையினர் அந்த முட்டுக்கட்டையை உடைத்தார்கள். விதையில்லாச் செடியையே தாயாக வைத்து மகரந்தம் சேர்த்தார்கள். கரு செத்துப்போவதற்கு முன்னால் காயைப் பறித்து, உள்ளே விதையாக வேண்டிய சூலை வெளியே எடுத்து, ஊட்டக் கூழில் வைத்து வளர்த்தார்கள். கரு மீட்பு என்று இதற்குப் பெயர்.

ஆய்வகத்தில் பார்த்தால் வேலை எளிதாகத்தான் தெரியும். பூத்து ஏறக்குறைய ஆறேழு வாரம் ஆன பச்சைக் கொத்து வரும். காய்களைக் கழுவி, மேல் தோலைக் கிருமி நீக்கி, காற்று வடிகட்டிய பெட்டிக்குள் கத்தியால் பிளப்பார்கள். ஒவ்வொரு காயிலிருந்தும் இரண்டோ மூன்றோ வெள்ளைச் சூல்கள். அவற்றைக் கூழில் பதித்து இருட்டறையில் இரண்டு மூன்று மாதம் விட்டு, பிறகு நுண்ணோக்கியின் கீழ் சூலைக் கீறி உள்ளே இருக்கும் கருவைத் தேடுவார்கள். பெரும்பாலானவற்றில் எதுவும் இருக்காது. பறிக்கிற நாள் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரு வாரம் முந்தினால் கரு பிஞ்சு, பிந்தினால் செத்திருக்கும். இந்த நாளைக் கண்டுபிடிக்கவே ஓரிரு பருவம் போய்விடுகிறது.

அவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? பிள்ளைகளில் பாதிக்கு மேல் விதையில்லாதவை. இது எத்தனை பெரிய வேறுபாடு என்பது நோய் எதிர்ப்பைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்கும். இரு பெற்றோரும் விதையில்லாத் தன்மையின் முதன்மை மரபணுவை ஒவ்வொரு பிரதியாகவும், தாய் இரண்டு எதிர்ப்பு மரபணுக்களையும் வைத்திருந்தால், கணக்குப்படி முக்கால் பங்கு பிள்ளைகளுக்கு முதலாவதும் கால் பங்குக்கு மற்ற இரண்டும் சேர்ந்தும் போகும். ஆயிரம் நாற்றில் ஏறக்குறைய 190 தேறும். நாற்று இரண்டு இலை விட்டதும் ஒரு துண்டைக் கிள்ளி மார்க்கர் சோதனை (வேண்டிய மரபணு இருக்கிறதா என்று டிஎன்ஏவில் பார்ப்பது) செய்து மீதியைத் தூக்கிப் போட்டுவிடலாம். பந்தலில் ஏற்றி, இரண்டு மூன்று ஆண்டு தண்ணீர் ஊற்றி, காய்த்த பிறகு விதை இருக்கிறதா என்று பார்க்கும் செலவு மிச்சம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது; இந்த முடிவையே தீர்மானிக்கக்கூடியது என்பதால் விரித்துச் சொல்கிறேன். விதையில்லாத் தன்மையின் முதன்மை மரபணு 18-வது குரோமோசோமில் இருக்கிறது. ஐரோப்பியக் கலப்பினங்களில் அதிகம் கையாளப்பட்ட ஆர்பிவி3 என்ற அடிச்சாம்பல் எதிர்ப்பு மரபணுவும் அதே குரோமோசோமின் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தால், அடுத்த தலைமுறையில் பிள்ளை பெரும்பாலும் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். விதையுள்ள கொடியோடு அடுத்த கலப்பைச் செய்தால் எதிர்ப்பும் விதையின்மையும் சேர்ந்து வருவது அபூர்வம். ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ஒரு விதையில்லாத் துணையைச் சேர்த்துக்கொண்டே போனால் இந்தச் சிக்கல் கரைந்துவிடும். அப்போது இரு பக்கமும் விதையில்லாதவை. கரு மீட்பு இல்லாமல் நகர முடியாது. வேறு குரோமோசோம்களில் இருக்கும் எதிர்ப்புகளைத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. ஆசியாவின் அமூர் காட்டுத் திராட்சையிலிருந்து வந்த ஆர்பிவி10 ஒன்பதாவதிலும், ஆர்பிவி12 பதினான்காவதிலும் இருக்கின்றன. மஸ்கடைன் திராட்சையிலிருந்து பல தலைமுறைக் கலப்பில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த ரன்1, ஆர்பிவி1 இரண்டும் பன்னிரண்டாவதில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த ஒரு துண்டு கிடைத்தால் சாம்பல், அடிச்சாம்பல் இரண்டுக்கும் காவல்.

ஒற்றை மரபணுவை நம்பிக் களத்தில் இறங்கக் கூடாது. ஆர்பிவி3 வைத்திருக்கும் பியான்கா என்ற ஹங்கேரி ரகத்தில் அந்த எதிர்ப்பை மீறி வளரும் அடிச்சாம்பல் 2010-இலேயே பதிவாகிவிட்டது. ரன்1-ஐ மீறும் சாம்பல் பூசணமும் அமெரிக்காவில் உண்டு. குளிர்காலத்தில் இலை உதிரும் நாடுகளில் பூசணத்துக்கு ஆண்டுக்கு ஓர் ஓய்வாவது இருக்கிறது. ஒரு தோட்டத்தில் பூவும் அடுத்த தோட்டத்தில் பழமும் இருக்கிற கம்பத்தில் அதற்கு விடுமுறையே கிடையாது. இரண்டு மூன்று எதிர்ப்புகளை ஒரே செடியில் அடுக்காமல் வெளியிடும் ரகம் இங்கே சீக்கிரம் தோற்கும் என்பதே என் கணிப்பு.

சாம்பல் நோய்க்கு மட்டும் ஒரு சலுகை இருக்கிறது. மத்திய ஆசியாவின் கிஷ்மிஷ் வத்கானா என்ற ரகத்தில் ரென்1 என்ற எதிர்ப்பை 2008-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அது நமது சொந்த இனம், விதையும் கிடையாது, காட்டு நெடியும் கிடையாது. முழுக் காவல் தராது என்றாலும் அடுக்கில் சேர்க்க அருமையான கல்.

மரபணுத் திருத்தம்

இப்போது அதிகம் பேசப்படுவது இதுதான். பேச்சுக்குக் காரணமும் உண்டு. கலப்பு செய்தால் தாம்சன் தாம்சனாக இருக்காது. திருத்தம் செய்தால் அதே தாம்சன், அதன் வழி ரகமான அதே மாணிக் சமன், அதே பெயர், அதே வாடிக்கையாளர். பூசணம் நுழையப் பயன்படுத்தும் ஒரு மரபணு மட்டும் முடக்கப்பட்டிருக்கும். சீனாவில் தாம்சன் சீட்லெஸ்ஸிலேயே எம்எல்ஓ வகை மரபணு ஒன்றை முடக்கிச் சாம்பல் நோயைக் குறைத்ததாக 2020-இல் ஆய்வு வெளிவந்தது. இத்தாலியின் வெரோனாவில் அடிச்சாம்பலைக் குறைக்கத் திருத்திய ஷார்டனே என்ற ஒயின் திராட்சைக் கொடிகளை 2024 இலையுதிர் காலத்தில் வயலில் நட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் யாரோ புகுந்து வெட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தியச் சட்டம் இந்த வழிக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. வெளி மரபணு எதுவும் மிஞ்சாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து விலக்கு தரப்பட்டது. 2025 மே மாதம் திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. ஆனால் நெல்லில் எளிதான ஒன்று திராட்சையில் எளிதல்ல. திருத்துவதற்காக உள்ளே செலுத்திய வெளி மரபணுவை நெல்லில் அடுத்த தலைமுறைக் கலப்பில் கழற்றிவிடலாம். திராட்சையைக் கலந்தால் ரகமே போய்விடும். ஆகவே தொடக்கத்திலேயே வெளி மரபணு இல்லாமல், உறை நீக்கிய ஒற்றைச் செல்லில் திருத்தி, அந்தச் செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். எல்லா ரகமும் அதற்கு இசைவதில்லை. கருவிக்கான காப்புரிமைக் கணக்கு வேறு.

இதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது. இதுவரை திருத்தியவற்றில் அடிச்சாம்பலுக்குக் கிடைத்திருப்பது குறைவான பாதிப்பு. காட்டு இனத்தின் எதிர்ப்பு போல வந்த பூசணத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது அல்ல. மேலும் தாம்சனுக்கு நோயைத் தவிர வேறு குறைகளும் இருக்கின்றன. மணி பருக்க ஜிப்ரலிக் அமிலத்தில் முக்க வேண்டும். கொடியின் மொட்டுக் கண்களின் காய்ப்புத் திறன் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். திருத்தம் இவற்றைத் தொடுவதில்லை. விட்டோரியா போன்ற ஒரு கலப்பினத்தில் கண்ணுக்குக் கண் கொத்து வருவதைப் பார்த்த விவசாயிக்கு, நோய் மட்டும் குறைந்த தாம்சன் அரைக்கிணறு தாண்டியதாகத்தான் தோன்றும்.

என் தேர்வு

பதினைந்து ஆண்டு நிதியும் ஒரு நல்ல திசு வளர்ப்பு ஆய்வகமும் உறுதியாக இருந்தால் மூன்றாவது வழி. உறுதி இல்லையென்றால் அதைத் தொடங்கவே வேண்டாம். கரு மீட்பு நடுவில் ஆள் மாறினால் அறுந்துபோகும் வேலை. அந்நிலையில் முதல் வழியே நேர்மையானது: உரிமம் பெற்று பிரேசில் ரகங்களைக் கொண்டுவந்து, நமது மழையில் நிறுத்தி, தாங்குவதை விவசாயிக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது வழியில் இறங்குகிறவரும் பிரேசில், ஆர்கன்சா வரிசைகளைத்தான் தாயாகத் தேட வேண்டும். காட்டுக் கொடியிலிருந்து தொடங்கினால் நெடியையும் சிறுமணியையும் கழிக்கவே பாதிக் காலம் போய்விடும். ஆர்கன்சாவில் ஜேம்ஸ் மூர் 1964-இல் தொடங்கிய வேலையின் பலனாக மார்ஸ், ஜூபிடர் போன்ற ரகங்களில் அமெரிக்க ரத்தமும் விதையின்மையும் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. பிறர் முப்பது நாற்பது ஆண்டு செய்து முடித்ததை நாம் மறுபடி செய்வதில் பெருமை எதுவும் இல்லை. தந்தையாக நமது தாம்சன் வழி ரகங்களும் சரத் சீட்லெஸ்ஸும் போதும். பந்தலுக்கும் நமது வெயிலுக்கும் பழகியவை. மரபணுத் திருத்தத்தை புனேயில் உள்ள தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் போன்ற பெரிய இடத்துக்கு விட்டுவிடலாம். மாவட்ட நிலையம் அதில் கைவைக்க வேண்டியதில்லை.

தேர்வு செய்யும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்க்கர் தேர்வில் தேறிய நாற்றுகளை மருந்து அடிக்காத வரிசையில், தாம்சனுக்கும் பன்னீருக்கும் நடுவே, ஐப்பசி மழை நேரடியாக விழும் இடத்தில் நட வேண்டும். ஆய்வகத்தில் இலை வட்டுகளை நனைந்த தாளில் கவிழ்த்து, மேலே பூசண வித்துத் துளியை வைத்து, ஐந்தாறு நாளில் மதிப்பெண் போடுவது அடிச்சாம்பலுக்குச் சரி. ஆனால் அடிச்சாம்பலுக்கு அடித்து வந்த போர்டோ கலவையும் மற்ற மருந்துகளும் இவ்வளவு காலம் பறவைக்கண் நோயையும் சேர்த்து அடக்கி வைத்திருந்தன. மருந்தை நிறுத்தினால் அது தலைதூக்கும். பன்னீரைத் தாக்கும் துரு நோயும் கூடவே வரும். ஆகவே வரிசையில் நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் மூன்று நோய்க்கும் தனித்தனி மதிப்பெண் ஒரே ஏட்டில் ஏற வேண்டும். அடிச்சாம்பலில் முதல் மதிப்பெண் வாங்கி, பறவைக்கண்ணில் கொத்தெல்லாம் கரும்புள்ளியாக நிற்கிற நாற்றை, மணி எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பருவத்திலேயே வெட்டிவிட வேண்டும்.